சரக்கை யாரிடம் ஒப்படைப்பது?

கிழக்கிலங்கைக் கரையோரத்திலே, கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுவரை ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்களுக்கு ஒரு தன்மை பொதுவாக உண்டு. அவை விளைவிப்பது மிகுதி; விளைவித்ததை அவ்விடத்திலேயே விற்று முடித்தல் இயலாது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களின் நெல்லும் அரிசியும், மருதமுனைத் தறிகளில் நெய்த சாரமும் சேலையும், கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் ஏறும் மீனும், கொழும்பையோ கண்டியையோ குருநாகலையோ சென்றடைந்த பின்னரே பணமாகின்றன. அங்கிருந்து சீமெந்தும் இரும்பும் பலசரக்கும் மருந்தும் இங்கு வந்து சேர்தல் வேண்டும். இவ்விரு போக்குக்கும் இன்று நமக்குள்ள வழி லொறி ஒன்றே.

இத்தகைய மலரிலே கல்வியைப்பற்றியும் சமயத்தைப்பற்றியும் பழைய ஆசிரியர்களைப்பற்றியும் எழுதுவோர் பலர் இருப்பர். லொறியைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுள் அரிசி ஆலை நடத்துவோரும் புடைவைக் கடை வைத்திருப்போரும் சிறு கைத்தொழில் தொடங்கியோரும் இன்று பலர். அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகின்றது: "கொழும்புக்குச் சரக்கனுப்ப நம்பிக்கையான லொறிக் கம்பனி எது?" அக்கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போதல் எளிது. இவ்வாண்டு நன்கு நடப்பது அடுத்த ஆண்டு கைமாறலாமாகையால், பெயரைவிடத் தெரிவு செய்யும் முறையைச் சொல்வதே பயனுடைத்து எனக் கருதுகின்றோம்.

பெரும்பாலோர் முதலிற் கேட்பது கூலியை. நாம் முதலிற் கேட்கச் சொல்வது வேறொன்று: ஏற்றும் இடத்துக்கும் இறக்கும் இடத்துக்கும் இடையே அந்தச் சரக்குக்குப் பதில் சொல்பவர் யார்? இதனைத் தெளிவாகச் சொல்லவும், சொன்னதை எழுதிக் கொடுக்கவும் கூடிய கம்பனியே நம்பத்தக்கது. மற்றவையெல்லாம் இதன் பின்னரே.

முற்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. இக்கரையோர முஸ்லிம் வணிகர் உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றி, காட்டுவழியே கண்டி இராச்சியத்து ஊர்களுக்குக் கொண்டுசென்று, பாக்கு முதலியவற்றை மாற்றாகப் பெற்று மீண்டனர். அம்மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். தவளத்தோடு சரக்குடையவரோ அவருடைய உறவினரோ கூடவே நடந்தனர். பொதி நனைந்தால் நனைந்தது அவருடையது. வாவி வழியே தோணியில் மட்டக்களப்புக்குப் போன சரக்கும் அவ்வாறே. 1924 இல் கல்லடியிலே மானிங் சீமாட்டி பாலம் கட்டப்பட்டது. 1928 இல் புகைவண்டி மட்டக்களப்பை வந்தடைந்தது. ஆயின் தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது, கல்முனைக்கு வரவில்லை. புகைவண்டியில் அனுப்ப வேண்டுமாயினும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் லொறியில் கொண்டுசென்று இறக்கி மீண்டும் ஏற்றல் வேண்டும். இருமுறை கைமாறுங்கால் இருமுறை சேதம். 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டபோது கப்பலிற் சரக்கு வரும் போகும் என்ற நம்பிக்கை பிறந்தது. வாயிலை மணல் மூடிற்று. அயலிலுள்ள கரையைக் கடல் அரித்தது. வணிகக் கப்பற் போக்குவரத்து நடைபெறவில்லை. ஆகவே வீதியே கதியாயிற்று. வீதியிற் செல்லும் சரக்கோடு அதன் உடைமையாளர் செல்வதில்லை. அவர் கல்முனையில் இருப்பார். சரக்கு நள்ளிரவில் ஏதோ ஒரு மலைச்சரிவில் இருக்கும். இப்பிரிவினாலேயே நம்பிக்கை என்ற பேச்சு எழுந்தது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கின்றது என்பதை அறிந்தார் நம்மிடையே சிலரே. குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம், பங்குடைமை, வங்கி, கூட்டுப்பங்குக் கம்பனி, ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி முதலிய சில துறைகளில் இங்கிலாந்தின் சட்டமே இந்நாட்டிலும் செல்லும் என விதித்தது. அத்துறைகளுள் நிலவழிச் சரக்கேற்றுவோர் என்பதும் ஒன்று. இத்தீவின் வீதிகளிலே மாட்டுவண்டி ஆட்சி செய்த காலத்தில் எழுதப்பட்ட விதி அது.

இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டம் சரக்கேற்றுவோரை இருவகையாகப் பிரிக்கின்றது. கூலி கொடுக்கும் எவருடைய சரக்கையும் ஏற்றுவோம் என்று பொதுமக்களுக்குத் தொழில் நடத்துபவர் பொதுச் சரக்கேற்றுவோர். தாம் விரும்பியவருடைய சரக்கை, விரும்பிய நேரத்தில், தனித்தனியே பேசி ஏற்றுபவர் தனிச் சரக்கேற்றுவோர். பின்னவர் தம் கவலையீனத்தால் வந்த சேதத்துக்கு மட்டுமே பொறுப்பாவர். முன்னவர் பொறுப்போ மிகக் கடுமையானது. தம்மிடம் கவலையீனம் இல்லாவிடினும், கையேற்ற சரக்குக்கு அவர் பதில் சொல்லல் வேண்டும். இயற்கையின் பேரிடர், பகையரசின் படை, சரக்கின் உள்ளியல்பால் வந்த கேடு, அனுப்பியவருடைய சொந்தத் தவறு ஆகிய சிலவே விலக்கு. 1703 இல் கொக்ஸ் எதிர் பேணாட் என்ற வழக்கிலே பிரதம நீதியரசர் ஹோல்ட் இக்கடுமைக்குக் காரணம் கூறினார். வண்டிக்காரர் கள்வரோடு கூடிச் சரக்கைப் போக்கிவிட்டு, கொள்ளை போயிற்று என்று சொன்னால், கூட இல்லாத உடைமையாளர் அதைப் பொய்யென்று நிறுவுவது எங்ஙனம்? ஆதலால் கொள்ளை போயினும் வண்டிக்காரரே பொறுப்பு என்றார். 1750 இல் ஒரு படகின் அடியை எலி கடித்துத் துளைத்து, நீர் புகுந்து சரக்குக் கெட்ட வழக்கிலும் படகுக்காரரே தோற்றார். எலியின் பற்களுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று!

இவ்வளவு கடுமையான பொறுப்பை விரும்பிச் சுமப்பவர் யார்? ஆகவேதான் சரக்குச்சீட்டின் அடியிலே, கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில், "சரக்குடையார் பொறுப்பில் ஏற்றப்படும்" என்ற ஒரு வரி வந்து அமர்கின்றது. இங்கிலாந்திலே 1830 ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஓரளவு ஒழுங்குபடுத்திற்று. அலுவலகச் சுவரில் ஓர் அறிவித்தலை ஒட்டிவைத்துப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் ஆகாது. ஆனால் இரு திறத்தாரும் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தத்தால் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பட்டு, பொன், கண்ணாடி முதலிய விலையுயர் பொருள்கள் 10 பவுணுக்கு மேற்பட்டால், அவற்றின் பெறுமதியை முன்னரே சொல்லிக் கூடுதற் கட்டணஞ் செலுத்தியிருத்தல் வேண்டும். சொல்லாதவர் பின்னர் கேட்க முடியாது. இதிலிருந்து நம் வணிகர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, நாம் கையொப்பமிடும் சீட்டின் அடிவரியை இடுமுன் வாசித்தல். மற்றது, சரக்கின் பெறுமதியை ஒளியாது எழுதுவித்தல். பெறுமதியை எழுதினால் கூலி கூடும், வரி அலுவலர் கண்ணிற் படும் என்று அஞ்சி, பட்டுச் சேலைப் பொதியைப் "புடைவைப் பொதி 1" என்று மட்டும் எழுதுவோர் உளர். அப்பொதி தொலைந்தால் அவர் பெறுவதும் அவ்வொரு வரிக்கு ஏற்ற தொகையே.

பொறுப்பை நிறையைக் கொண்டு அளக்கும் வழக்கமும் உலகிலே உண்டு. 1956 இல் ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட வீதிச் சரக்கு உடன்படிக்கை, பின்னர் 1978 இல் திருத்தப்பட்டபடி, ஒரு கிலோவுக்கு 8.33 சிறப்பு எடுப்பனவு உரிமை என்று இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்கின்றது. ஏறத்தாழ 11 அமெரிக்க டொலர். நம் தீவுக்குள் நடக்கும் பயணங்களுக்கு அது பொருந்தாது. எனினும் நிறைக்கணக்கு எவருக்கு நன்மை, எவருக்குத் தீமை என்பதை அது நன்கு காட்டுகின்றது. அரிசிக்காரருக்கு அவ்வரம்பு அரிசியின் விலையையும் விஞ்சும். அரைக் கிலோ நிறையுள்ள ஒரு நல்ல கைத்தறிச் சேலைக்கோ அது போதாது. ஆகவே "ஒரு மூடைக்கு இவ்வளவு" அல்லது "ஒரு கிலோவுக்கு இவ்வளவு" என இழப்பீடு பேசும் கம்பனி ஆலையாருக்கு நல்லதாயிருக்கலாம், நெசவாளருக்கு நல்லதன்று.

இந்தியாவில் 1865 ஆம் ஆண்டுச் சரக்கேற்றுவோர் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தை 2007 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றபோது, பொதுச் சரக்கேற்றுவோர் பதிவு செய்தே தொழில் நடத்தல் வேண்டும் என்றாயிற்று. சங்ககிரியும் நாமக்கல்லும் போன்ற லொறி ஊர்களில் வளர்ந்த தொழிலுக்கு அத்தகைய கட்டு வேண்டியதே.

இனி, நம்மூருக்கு வருவோம். இங்கே லொறிக் கம்பனி என்ற பெயரில் மூவகையினர் உளர். சொந்த லொறிகளையும் சம்பளச் சாரதிகளையும் வைத்திருப்போர் ஒரு வகை. ஒன்றோ இரண்டோ லொறி வைத்துத் தாமே ஓட்டுவோர் இரண்டாம் வகை. லொறியே இல்லாது, தொலைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு, சரக்குள்ளவரையும் லொறியுள்ளவரையும் இணைத்துத் தரகு பெறுவோர் மூன்றாம் வகை. பெயர்ப்பலகையின் பெருமை இம்மூன்றாம் வகையினரிடத்தே சிலவேளை மிகுந்து காணப்படும். தரகுத் தொழில் இழிவானதென்று நாம் சொல்லவில்லை. அறுவடைக் காலத்தில் தரகர் இல்லாவிடின் லொறியே கிடையாது. ஆனால் தரகரிடம் கொடுத்த சரக்கு வழியிற் போனால், தரகர் "லொறிக்காரரைக் கேளும்" என்பார். லொறிக்காரர் "உம்மை நான் அறியேன்" என்பார். எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: "இச்சரக்கு உங்கள் லொறியிற் போகுமா, பிறர் லொறியிற் போகுமா? பிறர் லொறியாயின் சரக்குச்சீட்டில் யார் பெயர் இருக்கும்?" பெரும்பாலான லொறிகளின் பக்கத்திலே உடைமையாளரின் பெயரும் முகவரியும் நிறையும் எழுதப்பட்டிருக்கும். சீட்டிலுள்ள பெயரும் லொறியிலுள்ள பெயரும் ஒன்றாயிராவிடின், ஏற்றுமுன் காரணங் கேட்டல் நன்று. இரண்டாம் வகையினரை நாம் சிறிதும் குறைத்து மதியோம். தன் வாழ்நாட் சேமிப்பை ஒரு லொறியில் இட்டவர் அதனைக் கவனமாகவே ஓட்டுவார். ஆனால் அவருடைய லொறி பழுதுபட்டு வெல்லவாயவில் நின்றால், மாற்று லொறி அனுப்ப அவரிடம் ஆளில்லை. அரிசிக்கு ஒரு நாட் தாமதம் பெரிதன்று; மீனுக்கு அது முழுநட்டம்.

கம்பனியைப்பற்றி விசாரிக்கையில் அதன் வாடிக்கைக்காரரைக் கேட்பது வழக்கம். சரக்கு ஒழுங்காகச் சேர்ந்தவர் எல்லாக் கம்பனியையும் புகழ்வார். அதில் அறிவதற்கு ஒன்றுமில்லை. சரக்கு சேதப்பட்டவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அதன் பின் கம்பனி எவ்வாறு நடந்துகொண்டது என்று கேட்டல் வேண்டும். தாமாகவே தகவல் சொன்னார்களா, அல்லது மூன்று நாள் தொலைபேசியை எடுக்கவில்லையா? இழப்பீடு பேசினார்களா, சாரதியைக் குற்றஞ்சாட்டிக் கைகழுவினார்களா? இந்த ஒரு விசாரணை பத்து நற்சான்றுக்கு மேலானது. அதன் பின்னரும் முதல் முறையே இருநூறு மூடை ஏற்றாது, சிறு சரக்கொன்றை அனுப்பிப் பார்ப்பவர் விவேகி.

பத்திரங்களைப் பார்க்கக் கூச்சப்படல் ஆகாது. வருமான உத்தரவுப்பத்திரம், லொறிக்குரிய தகுதிச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ் மூன்றும் நடப்பாண்டுக்கு உரியனவா என்று பார்க்க இரண்டு நிமிடமே செல்லும். இங்கே பலர் மயங்குமிடம் ஒன்றுண்டு. லொறிக்குக் காப்புறுதி இருக்கின்றது என்று சாரதி காட்டும் தாள், சட்டம் கட்டாயப்படுத்திய மூன்றாந்தரப்புக் காப்புறுதி. லொறி மோதிப் பிறருக்கு ஊறு விளைந்தால் அது உதவும். லொறியின்மேல் இருக்கும் நம் அரிசிக்கும் சேலைக்கும் அதில் ஒரு சதமும் இல்லை. முழுக் காப்புறுதி என்பதும் லொறிக்கே உரியது, சரக்குக்கு அன்று. சரக்குக்கெனத் தனியே பயணச் சரக்குக் காப்புறுதி உண்டு. அதனைக் கம்பனி எடுத்திருக்கலாம், அல்லது அனுப்புவோர் தாமே எடுக்கலாம். கம்பனி எடுத்திருப்பதாகச் சொன்னால் மூன்று செய்திகளைக் கேட்க: ஒரு லொறிக்கு எவ்வளவு தொகைவரை? களவும் நீரால் வரும் சேதமும் அடங்குமா? வாடகைக்கு எடுத்த பிறர் லொறிக்கும் அது செல்லுமா? கடைசிக் கேள்விக்குத் தயக்கத்தோடு பதில் வருமாயின், அங்கேயே விடை கிடைத்துவிட்டது எனலாம்.

கூலிப் பேச்சுக்கு வருவோம். மிகக் குறைந்த கூலி கேட்பவர் எவ்வாறு அதனாற் பிழைக்கின்றார் என்பதை விளங்கிக்கொள்ளாது அவரிடம் சரக்குக் கொடுத்தல் ஆபத்து. குறைந்த கூலிக்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு, அதுவே திரும்புசரக்கு. கல்முனையிலிருந்து அரிசியோடு கொழும்பு சென்ற லொறி, புறக்கோட்டையிலிருந்து பலசரக்கோ இரும்போ சீமெந்தோ ஏற்றிக்கொண்டு மீளுமாயின், செலவு இருவருக்கும் பகிரப்படும். வெறுமையாய் மீளுமாயின் இரு வழிக்கான டீசலும் ஒருவர் தலையில் விழும். எனவே கொழும்பில் நிலையான திரும்புசரக்கு உள்ள கம்பனி குறைந்த கூலி கேட்பது இயல்பு. திரும்புசரக்கும் இன்றிக் குறைந்த கூலி கேட்பவர், அக்குறையை எங்கோ ஈடுசெய்கின்றார். அளவுக்கு மீறி ஏற்றுவார். அல்லது நம் பத்து மூடையை வைத்துக்கொண்டு லொறி நிரம்பும்வரை இரண்டு நாள் காத்திருப்பார். அல்லது தேய்ந்த ரயரையும் பிறேக்கையும் மாற்றாது ஓட்டுவார். திரும்புசரக்குக்கும் ஒரு தீங்கு உண்டு. அது கிடைக்கும்வரை லொறி கொழும்பிலேயே நிற்கும். கல்முனையில் நாம் காத்திருப்போம். ஆகையால் வாரத்தில் எந்த நாளில் புறப்பட்டு எந்த நாளில் மீள்வது என்பதை நிலைப்படுத்தி வைத்திருக்கும் கம்பனி மேல்.

டீசல் விலையை மறந்து ஆண்டு முழுவதற்கும் ஒரே கூலி பேசுவது இரு திறத்தாருக்கும் கேடு. 2021 டிசெம்பரின் இறுதியில் ஒரு லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல் 2022 யூன் 26 இல் 460 ரூபாவாயிற்று. ஒரு லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறி, கொழும்புக்குப் போய்மீள ஏறக்குறைய 780 கிலோமீற்றர் ஓடுகின்றது எனக் கொள்வோம். 195 லீற்றர் வேண்டும். முன்னைய விலையில் 23,595 ரூபா. பின்னைய விலையில் 89,700 ரூபா. பழைய கூலியைப் பிடித்துக்கொண்டு நின்ற வணிகருக்கு அவ்வாண்டு லொறி வரவில்லை. வந்தாலும் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்று வந்தது. அக்காலத்திலும் தம் பழைய வாடிக்கைக்காரருடைய சரக்கை முதலில் எடுத்தவர்கள் யார் என்பதை இங்குள்ள வணிகர் மறக்கவில்லை. டீசல் விலை கூடினால் இவ்வளவு கூட்டுவது, குறைந்தால் இவ்வளவு குறைப்பது என்று முன்னரே எழுதிக்கொள்ளும் கம்பனியோடு பழகுதல் நலம். கூட்டுவதை மட்டும் எழுதிக் குறைப்பதை விட்டுவிடும் கம்பனியும் உண்டு; அதனையும் நோக்குக.

சரக்கின் இயல்பை அறியாதவரிடம் சரக்கைக் கொடுத்தல் தகாது. அரிசியை எடுத்துக்கொள்வோம். 10 தொன் லொறியில் 50 கிலோ மூடை 200 ஏறும். நாட்டாமைகள் கொக்கி போட்டு இழுத்து, மூடைக்கு ஒரு கிலோ சிந்தினால், 200 கிலோ, அதாவது 4 மூடை, வீதியிலும் லொறித் தளத்திலும் போயிற்று. கொக்கி பாவிக்கக் கூடாதென்று கம்பனிக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். நெல்லாயின் ஈரம் 14 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் அனுப்புவோர் கடன். ஈர நெல்லை ஏற்றிவிட்டு, வழியில் நிறை குறைந்தது, மூடை சூடேறியது என்று கம்பனியோடு வழக்காடுதல் முறையன்று. மேலே சொன்ன உள்ளியல்புக் கேடு என்பது இதுவே. லொறித் தளத்தில் முதல்நாள் சீமெந்தோ உரமோ மண்ணெண்ணெயோ ஏறியிருந்ததா என்று பார்த்து, கூட்டித் துடைத்துப் பாய் விரித்த பின்னரே அரிசியை ஏற்றுவிக்க. படங்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அவற்றைச் சாரதி எடுத்துவந்து விரித்துக் காட்டும்போது சூரிய ஒளி துளைவழியே தெரிகின்றதா என்று கீழிருந்து நோக்குக. கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு துளை போதும்.

கைத்தறிக்கு நீரைவிடப் பகை எண்ணெய்க்கறையும் உராய்வும். பொதியை உட்புறம் பொலித்தீனிற் சுற்றி, வெளியே சாக்குத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அவ்விலக்கங்களைச் சீட்டில் எழுதுவிக்க வேண்டும். "பொதி 12" என்பதற்கும் "1 முதல் 12 வரை இலக்கமிட்ட பொதி 12" என்பதற்கும் உள்ள வேறுபாடு, பதினொன்று மட்டும் சேரும் நாளிற் புலப்படும். நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் லொறிக்குத் தட்டுப்பாடு வரும். பெருநாள் முடிந்த மறுநாள் சேர்ந்த சாரத்தை யார் வாங்குவார்? மாசி, பங்குனியில் பெரும்போக வெள்ளாமை வெட்டும் சேர்ந்துகொள்வதால் நெல்லுக்கே லொறி போதாது. அக்காலத்துக்கென முன்கூட்டியே ஏற்பாடு செய்து, நாளை எழுதிப் பெறல் வேண்டும்.

மீன் தனியொரு தொழில். பேலியகொடை மத்திய மீன்சந்தைக்கு அதிகாலையிற் சேராத மீன், சேர்ந்தும் சேராததே. நம் வெப்பநிலத்தில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்பது பொதுவான அளவு. அதைக் குறைத்து மீனைக் கூட்டி ஏற்றுவது பேராசை. மீனேற்றிய லொறியில் பிறிதொன்றும் ஏற்றக் கூடாது. மீன் லொறியைக் கழுவிவிட்டோம் என்று சொல்லிச் சேலை ஏற்ற வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புக.

பாதையைக் கேட்பதும் நம் உரிமை. கல்முனையிலிருந்து கொழும்புக்கு மூன்று வழிகளைச் சாரதிகள் கைக்கொள்கின்றனர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புவரை செல்லும் ஏ4 நெடுஞ்சாலை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளம். கல்முனை அதன்மீதே இருக்கின்றது. அம்பாறை வழியாகச் சியம்பலாண்டுவைக்குக் குறுக்கே சென்று அதனோடு சேர்வோரும் உளர். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்கும் பகுதி மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பேர்போனது. 2014 ஒற்றோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து ஒரு தோட்டக் குடியிருப்பே புதைந்தது. இரண்டாவது, மகாஓயா, மகியங்கனை ஊடாகக் கண்டிக்குச் செல்வது. அதிலே பதினெட்டு வளைவு என்ற ஏற்றம் உண்டு. அளவுக்கு மீறிய பாரத்தோடு அவ்வளைவுகளில் இறங்கும் லொறியின் பிறேக்குச் சூடேறி வலுவிழக்கும். தாழ்ந்த கியரிலேயே இறங்கும் பொறுமை சாரதிக்கு வேண்டும். மூன்றாவது, மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை ஊடாக வளைந்து செல்வது. தூரம் கூடினும் பாதை பெரும்பாலும் சமதரை. இரவில் யானை குறுக்கிடும். 2013 இல் கல்லடியிற் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழியே பாரமான லொறிகள் செல்வது எளிதாயிற்று. மூன்றில் எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல நாம் துணியோம்; மாதத்தையும் பாரத்தையும் பொறுத்தது. "எந்த வழி போகிறீர்கள், ஏன்?" என்ற கேள்விக்கு நியாயமான பதில் சொல்லும் கம்பனி, பாதையை அறிந்த கம்பனி.

ஊருக்குள்ளேயும் மழைக்காலத்தில் இடையூறு உண்டு. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடைப்பட்ட கிட்டங்கித் தாம்போதியும், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடைப்பட்ட மாவடிப்பள்ளி வீதியும் வெள்ளத்தில் மூழ்குவன. (பண்டசாலையைக் குறிக்கும் சொல்லே கிட்டங்கி என்று ஓரிடத்துக்குப் பெயராய் நிற்பதைச் சரக்கேற்றுவோர் கவனிப்பாராக!) 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, இளம் பிள்ளைகள் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் எளிதில் மறவார். ஆலையிலிருந்து தொலைபேசியிற் சாரதியை விரட்டி, "நீர் முழங்காலளவுதான், ஓட்டிவிடும்" என்று சொல்லும் முதலாளிக்கு, வெள்ளத்தில் நிறுத்தமாட்டேன் என்று மறுத்துரைக்கும் சாரதியும், அவரை அதற்காக நீக்காத கம்பனியும் கிடைப்பது பேறு. நம்பத்தக்க கம்பனி சிலவேளை நமக்கு இல்லை என்றும் சொல்லும்.

இறுதியாக, சரக்குச் சேரும் இடம். அனுப்புவோர் எவ்வளவு கவனித்தாலும், புறக்கோட்டையில் அதைப் பெறுபவர் நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எண்ணாது கையொப்பமிட்டால் எல்லாம் வீண். "நல்ல நிலையிற் பெற்றேன்" என்ற வரியின் கீழ் இட்ட கையொப்பமே கம்பனிக்கு விடுதலைப் பத்திரம். ஆகவே பெறுபவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை சில. இறக்கும்போதே எண்ணுக. நனைந்த மூடையையும் கிழிந்த பொதியையும் தனியே வைத்து, சாரதியின் முன்னிலையிலேயே படமெடுத்து, குறையைச் சீட்டின் இரு பிரதியிலும் எழுதி, சாரதியின் கையொப்பத்தையும் பெறுக. எண்ண நேரமில்லையென்று சாரதி அவசரப்படுத்தினால், "எண்ணாது பெறப்பட்டது" என்றாவது எழுதுக. கூலியின் ஒரு பகுதியைச் சேர்ந்தபின் கொடுக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் குறை சிறிதாயிருக்க முழுக் கூலியையும் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தல் ஆகாது. சாரதிக்கும் உதவியாளுக்கும் வழிச்செலவு அதிலிருந்தே போகின்றது. இரு முறை கூலி தாமதித்த வணிகருடைய சரக்கை மூன்றாம் முறை நல்ல லொறி ஏற்றாது. சீட்டின் ஒரு பிரதி கல்முனைக்கு மீண்டு வந்து, அதிலுள்ள எண்ணிக்கை அனுப்பிய எண்ணிக்கையோடு ஒத்திருக்கக் கண்ட பின்னரே, அப்பயணத்துக்குரிய கணக்கை மூடுக.